செத்த முனை

தெருவே இருண்டு கிடந்த அந்த மாலையில், கூடத்து டெலிபோன் பக்கத்தில் சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

கரண்ட் போனாலும் அது எரியும். எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து டெலிபோன் லைனிலேயே வரும் மின்சாரம் அதற்குப் போதும். மாட்டியவன் இந்த வீட்டுக்காரன்தான், தொழில் லைன்மேன். மாடியறையில் படுத்த படுக்கையாகக் கிடந்த அண்ணன் அங்கிருக்கும் இணைப்பு டெலிபோனின் ரிசீவரை எடுத்தால் கீழே தெரியட்டும் என்று மாட்டினான். அண்ணன் போய் ஒரு மாதம். அறை பூட்டியிருந்தது. சாவி இவன் சட்டைப்பையில்.

ஈரம் இறங்கிக் கம்பி ஒட்டியிருக்கும் என்றான். மனைவி நம்பவில்லை. மகள் அந்த விளக்கையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள், கூப்பிட்டாலும் சாப்பிட வருவதில்லை. இன்றைக்குச் சரியாகாவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவதாக மனைவி சொல்லிவிட்டாள்.

"ஊருக்கெல்லாம் லைன் பாக்குறீங்க. சொந்த வீட்டுக் கம்பியைத் தொட கை வரமாட்டேங்குதே."

மாடிப்படிக்கு அடியில், பழைய சுண்ணாம்பும் தூசியும் மணக்கும் இருட்டில், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, மாடியறைக்குப் போகும் கம்பியில் மீட்டரை வைத்தான். நாற்பத்தெட்டு வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஏழு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முள் நாற்பத்தெட்டுக்கு எகிறியது. மறுபடி ஏழுக்கு விழுந்தது. ஈரம் என்றால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். இப்படிச் சட்டென்று விழ, யாராவது ரிசீவரை எடுக்க வேண்டும்.

கம்பியை வெட்டினான்.

"அணைஞ்சிடுச்சுப்பா," என்றாள் மகள் கூடத்திலிருந்து. மனைவி விட்ட பெருமூச்சு படிக்கட்டு வரை கேட்டது. மெழுகுவர்த்தி தேடிச் சமையலறைக்குப் போனாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். தொழில் புத்தி விடவில்லை. வெட்டினால் இரண்டு முனையையும் பார்ப்பது லைன்மேன்களின் பழக்கம். எக்ஸ்சேஞ்ச் பக்கம் உயிர் இருக்கும். மறுபக்கம் செத்த முனை, ஒன்றும் காட்டாது.

எக்ஸ்சேஞ்ச் பக்கம் நாற்பத்தெட்டு. சரி.

அறைப் பக்கம்.

நாற்பத்தெட்டு.

மீட்டரைத் தட்டிப் பார்த்தான். முள் படபடவென்று துடித்தது. விரல்களில் சுரீர். ஓய்ந்தது. மறுபடி சுரீர். அவனுக்குப் பழகிய தாளம். மணியடிக்க அனுப்பும் தொண்ணூறு வோல்ட். எக்ஸ்சேஞ்ச் அனுப்ப வேண்டியது.

மேலேயிருந்து வந்தது.

வீட்டில் எங்கும் மணி ஒலிக்கவில்லை. ஆனால் கூடத்தில் ரிசீவரை எடுக்கும் சத்தம் கேட்டது.

செத்த முனையில் முள் ஏழுக்கு விழுந்தது.

"ம்," என்றாள் மகள், ரகசியமாக. "அம்மாவுக்குத் தெரியாம வரேன், பெரியப்பா."

நெஞ்சை ஒட்டி, சட்டைப்பைக்குள், சாவி மெல்லத் திரும்பியது.