ஆரஞ்சுப் பட்டை, நீலப் பட்டை

வியாழன், பிற்பகல் 1.20.

கொசுமெல் தீவின் தென்மேற்குக் கரையோரம், படகிலிருந்து கூப்பிடு தூரத்தில், இரண்டு தலைகள் தண்ணீரைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. ஒன்று ஃபெர்மின் அர்ராசோலா, புவெப்லா நகரில் ஒரு பள்ளிக்கூடத்தின் முதல்வர். மற்றது அவர் மனைவி கசில்தா. அவர் இருமிக்கொண்டிருந்தார். அவள் படகில் ஏறி, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். கால் மணி நேரம் கழித்து எழுந்து நிற்கப் பார்த்தபோது கால்கள் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

சிலிண்டர் கட்டி முழுகியிருந்தபோது, பதினெட்டு மீட்டர் ஆழத்தில் ஃபெர்மினுக்குக் காற்று தீர்ந்துவிட்டது. பதறிப்போய் மனைவியை இறுகப் பற்றிக்கொண்டு நிற்காமல் மேலே பாய்ந்துவிட்டார். அப்படி வந்தால் இரத்தத்தில் கரைந்த வாயு குமிழ் குமிழாகப் பொங்கும். அது அவரை விட்டுவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டது.

வினோதம் என்னவென்றால், சிலிண்டரின் காற்றைக் கணக்கிட அவர் மணிக்கட்டில் கட்டியிருந்த டைவ் கம்ப்யூட்டர் அந்த நேரத்திலும், காற்று இன்னும் இருநூறில் தொண்ணூறு மிச்சம் இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்தது.

வெள்ளி, காலை 9.10.

மருத்துவமனையில் கசில்தாவை, இரத்தத்தில் பொங்கிய குமிழைக் கரைக்கும் அழுத்த அறைக்குள் படுக்க வைத்திருந்தார்கள். இரும்பு உருளை, ஒரு வட்டக் கண்ணாடி, பேசுவதற்கு ஒரு தொலைபேசி. வெளியே நடையில் நெரெய்தா உட்கார்ந்திருந்தாள். அந்தக் கம்ப்யூட்டர்களை விற்றவள் அவள்தான். இரவு முழுக்க அவள் கண்மூடவில்லை.

எதிரே ஃபெர்மின் துறைமுக அலுவலக இன்ஸ்பெக்டர் ஃபிலோமேனாவிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்தார். கடலுக்குள் கூட்டிப்போனவன் வில்பெர்த். சிலிண்டர்களில் மூச்சுக்குழாயைப் பூட்டியவனும் அவனே. அவன் மாற்றிப் பூட்டிவிட்டான். அவன் அனுமதியை ரத்து செய்ய வேண்டும். வில்பெர்த்துக்கு நாற்பத்தெட்டு வயது, வேறு பிழைப்பு தெரியாது. அவன் சுவரோரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

ஒவ்வொரு மூச்சுக்குழாயிலும், சிலிண்டரில் பூட்டும் முனையில், கட்டைவிரல் அளவு ஒரு கருவி இருக்கும். மிச்சக் காற்றை அது கம்பியில்லாமல் அவரவர் மணிக்கட்டுக்குச் சொல்லும். எந்தக் கருவி எந்த மணிக்கட்டோடு பேச வேண்டும் என்று கடையில் அமைத்துக் கொடுத்தது அவள். தப்பு வில்பெர்த்துடையது இல்லை என்றால் அவளுடையது. அதனால்தான் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அப்படி மூடிக்கொண்டிருப்பதை நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஃபிலோமேனா பருத்த பெண்மணி. முப்பது வருஷமாகத் துறைமுகத்தில் வேலை, நீந்தத் தெரியாது. வறுத்த பூசணி விதையைக் கொறித்துக்கொண்டே பேசுவாள்.

“வித்த கதையைச் சொல்லு, நெரெய்தா.”

நெரெய்தா சொன்னாள். ஞாயிறு மாலை இருவரும் கடைக்கு வந்தார்கள். ஒரே மாதிரி இரண்டு வாங்குங்கள், ஒருத்தர் மறந்ததை மற்றவர் சொல்லிக்கொடுக்கலாம் என்று அவள்தான் சொன்னாள். கசில்தாவுக்கு இன்னும் உசத்தியான ஒன்றில் கண். அதில் தன் காற்றோடு துணையின் காற்றும் தெரியும். ஃபெர்மின் ஒத்துக்கொள்ளவில்லை. என் மூச்சை இவள் எதற்கு எண்ண வேண்டும் என்று கேட்டார். கடைசியில் சாதாரண ரகத்தில் இரண்டு. மாறிப்போகாமலிருக்க அவருக்கு நீலப் பட்டை, அவளுக்கு ஆரஞ்சு.

“அப்புறம் கடைப் பக்கம் வந்தாங்களா?”

“அவர் மட்டும் புதன்கிழமை சாயங்காலம் வந்தாரு. பட்டை இறுக்கமா இருக்குன்னு, அதைக் கழட்டி மாட்டற ஊசிக்கோலை இரவல் வாங்கிட்டுப் போயி, ராத்திரியே திருப்பிக் குடுத்துட்டாரு.”

ஃபிலோமேனா இரண்டு கம்ப்யூட்டர்களையும் மேசையில் வைத்திருந்தாள். ஆரஞ்சுப் பட்டையைத் தன் கையில் கட்டிப் பார்த்தாள். கொக்கி எசகுபிசகாக வந்தது.

“இது ஏன் கீழ்ப்பக்கம் இருக்கு?”

“மேல்பக்கம்தானே வரணும். நான்தான் கவனிக்காம மாட்டிக் குடுத்திருப்பேன்.” நெரெய்தா தலையைக் குனிந்துகொண்டாள். இன்னொரு தப்பும் தன் கணக்கில் ஏறிவிட்டது என்றுதான் நினைத்தாள்.

காலை 10.00.

படகில் கூட வந்த மெரிதா ஊர்க்காரப் பெண்மணி சாட்சி சொன்னாள். அந்தப் படகில் ஒரு விளையாட்டு உண்டு. மேலே வந்ததும் எல்லார் மணிக்கட்டையும் பார்ப்பார்கள். யாரிடம் காற்று மிகக் குறைவோ, அவர் தலையில் பழைய வாக்குவம் கிளீனர் குழாயை வளைத்துச் செய்த கிரீடம். அன்றைக்கு பீர் அவர் செலவு. திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் கிரீடம் ஃபெர்மினுக்கு. பள்ளி முதல்வர் தலையில் அந்தக் குழாயைப் பார்த்து எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். வியாழன் முதல் முழுக்கில், யாரும் எதிர்பாராமல், கிரீடம் கசில்தாவுக்குப் போனது.

“அவரு சிரிச்சாரா?” என்றாள் ஃபிலோமேனா.

“இல்லீங்க. ஆனா எவ்வளவு பாசமான மனுஷன். அந்த முழுக்குல பொண்டாட்டி கையை விடவே இல்ல. அடிக்கடி அவ மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே வந்தாரு. ரெண்டாவது தடவை என்ன மனஸ்தாபமோ, அவரு கையைப் பிடிக்கப் போனா அவ வெடுக்குனு இழுத்துக்கிட்டா.”

ஃபிலோமேனா விதை கொறிப்பதை நிறுத்தினாள். பிறகு வில்பெர்த்திடம் இரண்டே கேள்விகள் கேட்டாள். திரும்பி வந்த சிலிண்டர்களில் அதிகம் காலியாக இருந்தது யாருடையது? நான்கு நாளும் ஐயாவுடையதுதான், நிரப்பும்போது தெரியும் என்றான். காற்று ஐம்பதுக்கு வந்தால் முஷ்டியை நெஞ்சில் வைத்துக் காட்ட வேண்டுமே, ஐயா காட்டினாரா? ஒரு நாளும் காட்டியதில்லை, நான்தான் அவர் வாட்சை எட்டிப் பார்த்து எல்லாரையும் திருப்புவேன் என்றான்.

காலை 10.40.

“எண்கள் குறுக்கே மாறியிருக்கு,” என்றாள் ஃபிலோமேனா. “இவர் கை அந்தம்மா காத்தைக் காட்டுது. அந்தம்மா கை இவர் காத்தைக் காட்டுது. மாத்தினது யாரு? கடையில்லை. மூணு நாளும் இவர் வாட்சு சொன்னதும் இவர் சிலிண்டர் சொன்னதும் ஒண்ணாத்தான் இருந்துச்சு.”

நெரெய்தாவுக்கு மூச்சு திரும்பியது. அந்த நிம்மதிக்காகவும் அடுத்த நொடியே வெட்கப்பட்டாள்.

“வில்பெர்த்தும் இல்லை. கசில்தாவோட மூச்சுக்குழாய்ல இருக்கற வாய்க்கவ்வி அவங்க பல் அச்சுக்குன்னு செஞ்சது. வேற ஒண்ணைக் கவ்வியிருந்தா அந்த நிமிஷமே தெரிஞ்சிருக்கும். அப்ப மாறினது மணிக்கட்டுல. ஆனா பட்டை மாறல, நீலம் அவர் கையிலேயே, ஆரஞ்சு அவங்க கையிலேயே. புதன்கிழமை ராத்திரி யாரோ ரெண்டு பட்டையையும் கழட்டி, ஒண்ணோட உடம்பை இன்னொண்ணுல மாட்டியிருக்காங்க. அவசரத்துல ஆரஞ்சோட கொக்கி தலைகீழாப் போச்சு.”

ஃபிலோமேனா ஃபெர்மின் பக்கம் திரும்பினாள்.

“இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது, ஐயா. முதல்ல தெரிஞ்சது உங்க பாசம். கை நிறையக் காத்து காட்டுற மனுஷன் எதுக்குத் தன் வாட்சைப் பார்க்காம பொண்டாட்டி மணிக்கட்டைப் பார்க்கணும்? உங்க மூச்சு அங்கதானே இருந்துச்சு. அவங்க கவனமான பொம்பளை, ஐம்பது வந்ததும் முஷ்டி காட்டுவாங்க, எல்லாரும் ஏறிடலாம், கிரீடமும் அவங்களுக்கு. முதல் முழுக்குல அப்படியே நடந்துச்சு. ரெண்டாவதுல ஏன் கையை இழுத்துக்கிட்டாங்கன்னு அவங்கதான் சொல்லணும்.”

ஃபெர்மின் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். “மூணு நாள் அந்தக் கிரீடம்,” என்றார்.

வில்பெர்த் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான். அந்தக் கிரீடத்தைச் செய்தவன் அவன். தன்னை விடுவித்துவிட்டார்கள் என்ற சந்தோஷம் அவன் முகத்தில் இல்லை. நெரெய்தா எழுந்து அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

“வில்பெர்த் அண்ணே, காலைலயே நான் வாயத் திறந்திருக்கணும்.”

“ஆமா,” என்றான் அவன். “திறந்திருக்கணும்.”

அப்போது தொலைபேசி ஒலித்தது. உள்ளேயிருந்து கசில்தா. ஃபெர்மின் எடுக்கத் தயங்கினார். ஃபிலோமேனா ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினாள்.

“ஃபெர்மின், இருக்கீங்களா? இடது கால் விரல் அசையுது.” குரல் களைத்திருந்தாலும் தெளிவாக இருந்தது. “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். தப்பு என்னோடது. முதல் தடவை எல்லாரும் சிரிச்சதும் எனக்கு ரொம்ப அசிங்கமாப் போச்சு. நான் எப்படி அவ்வளவு காத்தைக் குடிச்சேன்னே புரியல. ரெண்டாவது தடவை எண் மளமளன்னு இறங்குச்சு. இந்தத் தடவையும் என்னாலதான் எல்லாரும் திரும்பணுமான்னு ஸ்லீவை இழுத்து வாட்சை மூடிட்டேன். அதுக்கப்புறம் நான் பார்க்கவே இல்ல. உங்களுக்கும் காட்டல. எனக்குத் தீர்ந்தாலும் உங்ககிட்ட இருக்கும்னு நெனச்சேன். எனக்குத் தீர்ந்துடுச்சோன்னு பயந்துதானே என்னை இழுத்துக்கிட்டு மேல பாஞ்சீங்க. என்னை மன்னிச்சிடுங்க.”

ஃபெர்மின் வட்டக் கண்ணாடிக்குப் போனார். உள்ளே அவள் முகம் அவரைப் பார்த்துத் திரும்பியது.

பிறகு அவர் வலது கையை மடக்கி, நான்கு நாளும் காட்டாத முஷ்டியை நெஞ்சில் வைத்தார்.

கசில்தா முதலில் சிரிக்கப் பார்த்தாள். அப்புறம் அவர் வெறும் மணிக்கட்டைப் பார்த்தாள், தன் மணிக்கட்டைப் பார்த்தாள். அவளுக்குப் புரிய ஆரம்பிப்பதைக் காணப் பொறுக்காமல் நெரெய்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் கையை இறக்கவில்லை.