கம்பியை எடுத்தது நான்தான்

எனக்குக் கோபம் வந்தால் காது சிவந்துவிடும். புயல் அடித்து ஓய்ந்து மூன்று வாரமாகியும் என் காது சிவந்தபடியேதான் இருந்தது.

எங்கள் தீவுப் பள்ளியின் மணி, ஒரு காலி கேஸ் சிலிண்டர். மாமரத்தில் தொங்கும். இரும்புக் கம்பியால் அடித்தால் ஊருக்கே கேட்கும். பள்ளிக்கும் அதுதான், தேவாலயத்துக்கும் அதுதான். புயலன்று எல்லோரையும் ஓடிவரச் சொல்லி அடித்ததும் அதேதான்.

அன்று எங்கள் வீட்டுக் கூரை பறந்துபோனது. என் தம்பி காலோவின் பன்றிக்குட்டியும் போய்விட்டது. அவனுக்கு ஆறு வயது. அன்றிலிருந்து மணிச் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் புகுந்துவிடுவான்.

தலைநகர் போர்ட் விலாவிலிருந்து நிவாரணக் கப்பலில் வந்த ஒரு அம்மா எங்களுக்கு வண்ணப் பென்சில்கள் கொடுத்தார். "சந்தோஷமா ஒரு படம் வரைங்க" என்றார். நான் தாள் முழுக்கக் கறுப்பு அடித்தேன்.

"ஒரு வீடு வரையலாமே, லெய்சாவ்?"

"கூரை எங்க கிடக்குன்னு சொல்லுங்க, வரையறேன்" என்றேன்.

திங்கட்கிழமை மணி அடித்ததும் காலோ வழக்கம்போலப் பெஞ்சுக்கு அடியில் போனான்.

"நண்டு பொந்துக்குள்ள போயிடுச்சு!" என்று பக்கத்து பெஞ்சு சாம்சன் சிரித்தான்.

எங்கள் ஆசிரியர் தாரிபு சார் பெருமூச்சு விட்டார். "இந்த வருஷம் இவன் வீட்டிலேயே இருக்கட்டும். நாளைக்கு உங்க அம்மாவை வரச் சொல்லு."

வீடா? எந்த வீடு? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் மணி அடிக்கவில்லை. கம்பியைக் காணோம்.

"யார் எடுத்தது?" என்றார் சார்.

"நான்தான்."

"குடு அதை!"

"மாட்டேன்! அன்னைக்கு அடிச்ச அதே மணி, சார். பள்ளிக்கூடத்துக்கு அடிக்குதா, மறுபடியும் புயலான்னு அவனுக்கு எப்படித் தெரியும்? எனக்கே ஓடி ஒளியணும்னு தோணுது!"

"எனக்கும்தான்" என்றது ஒரு மெல்லிய குரல். சாம்சன்! நேற்றுச் சிரித்த அதே சாம்சன்.

"மணி இல்லாம பள்ளிக்கூடம் எப்படிம்மா நடத்தறது?" என்று சார் கேட்டார். அவர் குரல் இறங்கியிருந்தது.

அதை நான் யோசிக்கவே இல்லை. திரும்பிப் பார்த்தேன். காலோ என் கையிலிருந்த கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். காதைப் பொத்தவில்லை.

"காலோ, நீ அடிடா. இனிமே நீ அடிச்சாத்தான் அது அடிக்கும்."

அவன் இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்து மெதுவாகத் தட்டினான். டிங். இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாக. அப்புறம் ஓங்கி ஒரே அடி!

"இது என் பன்றிக்குட்டிக்கு!" என்று அழுதுகொண்டே கத்தினான். "இது எங்க கூரைக்கு!"

"எங்க படகுக்கும் ஒண்ணு போடுடா!" என்றான் சாம்சன்.

எல்லோரும் வரிசையில் நின்று அடித்தோம். கடைசியில் சாரும் கம்பியை வாங்கினார். "என் ரேடியோவுக்கு" என்று ஒன்று போட்டார்.

ஊரே அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தது. அம்மா பாதி சீவிய வள்ளிக்கிழங்கோடு முன்னால் நின்றாள்.

"என்னாச்சு? புயலா?"

"இல்லம்மா" என்றான் காலோ, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "கோபம்."

இப்போதெல்லாம் காலோதான் எங்கள் பள்ளிக்கு மணி அடிக்கிறான். மூன்று அடி அடிக்க வேண்டும் என்பது சட்டம். அவன் நான்கு அடிப்பான். நான்காவது பன்றிக்குட்டிக்கு. அதை மட்டும் தாரிபு சார் எண்ணுவதே இல்லை.