மேலே கிடந்த சறுக்குக் கோடு

இதில் ஒரு சொல் பொய் என்றாலும், வருகிற பனிக்காலத்தில் என் மூக்கு உறைந்து உதிர்ந்து சூப்புக் கிண்ணத்தில் விழட்டும். அலாஸ்காவில் இதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது.

நாற்பத்தைந்தாம் வருடம், ஜனவரி. நண்பகல் பன்னிரண்டரை மணி. கார்ப்பரல் ஆர்லோ ஹாகன் வண்டியை நிறுத்தி இறங்கி, பனியில் கிடந்த தடத்தைக் குனிந்து பார்த்தான். பார்த்தது அவனுக்குப் பிடிக்கவில்லை.

அந்த மாதிரி பனி டிராக்டர் விமானத் தளத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஜீப்பின் எஞ்சின், முன்னால் சக்கரத்துக்குப் பதில் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் இரண்டு சங்கிலிப் பட்டைகள். உட்காருவது பக்கத்தில் பக்கத்தில் அல்ல, ஒருவன் முதுகுக்குப் பின் ஒருவன். ஓட்டுகிறவனுக்கு, பின்னால் இருப்பவன் முகம் தெரியாது. எஞ்சின் இரைச்சலில், கத்தினாலொழிய குரலும் கேட்காது. அதனால் பின்னால் இருப்பவன் தோளில் தட்டுவான். ஒரு தட்டு, நில். இரண்டு தட்டு, போ.

அன்று பின்னால் இருந்த விமானி, லெப்டினன்ட் கிம்பிளால் தட்ட முடியாது. விமானம் விழுந்த இடத்தில் ஓர் இரவு கிடந்ததில் இரண்டு கையும் மரக்கட்டையாகி, துணி சுற்றி, கோட்டுக்குள் மார்போடு கட்டப்பட்டிருந்தன. மூன்று மணிக்குள் தளத்து டாக்டரிடம் சேராவிட்டால் இரண்டையும் மணிக்கட்டோடு எடுக்க வேண்டியதுதான். அதனால் முழங்காலால் இருக்கையை இடிப்பது என்று பேசிக்கொண்டார்கள்.

"என்னப்பா, புதையல் கெடச்சுதா?" என்றார் லெப்டினன்ட்.

"ஒண்ணுமில்ல சார். தடம் பாத்தேன்."

"வழி தப்பிட்டியா? அது உன் மாமியார் வீட்டுக்குப் போனாலும் சரி, அடுப்பு எரிஞ்சாப் போதும்."

"அங்க அடுப்பு எரியும் சார். மாமியாரும் எரிஞ்சுக்கிட்டுதான் இருப்பா."

லெப்டினன்ட் சிரித்தார். ஆர்லோ சிரிக்கவில்லை. காலையில் அவரைத் தேடி அவன் தனியாக வந்த தடமாகத்தான் அது இருக்க வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டே திரும்புவதுதான் திட்டம். வண்டி முன்னால் போனால் சறுக்குக் கட்டை முதலில் கோடு போடும். பின்னால் வரும் பட்டை அதை மிதித்து அழிக்கும். எப்போதும் அப்படித்தான். இங்கே பட்டை மிதித்த பள்ளத்தின் மேலே சறுக்குக் கோடு நூல் பிடித்த மாதிரி கிடந்தது. பின்பக்கமாகப் போகிற வண்டிதான் அப்படிக் கோடு போடும். காலையிலிருந்து அவன் பின் கியரைத் தொடவே இல்லை.

இரண்டு இடி. போ.

போனான். வானமும் தரையும் ஒரே வெள்ளைத் துணியாக, தொடுவானம் எங்கே மடிகிறது என்று தெரியாத அந்த வெளிச்சத்தில், எஞ்சினின் உறுமலும் பட்டைகளின் சளசளப்பும் காதை நிறைக்க, அந்தக் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டினான். அப்போதுதான் உறைத்தது: காற்று பனியை வாரி இறைத்துக்கொண்டிருக்கிறது, ஐந்து நிமிடத்தில் எந்தத் தடமும் தூர்ந்துவிடும். ஆனால் கோட்டின் விளிம்பு இன்னும் கத்தி வெட்டுப்போல இருந்தது.

இப்போதுதான் போயிருக்கிறது. பின்பக்கமாக. அப்படியென்றால் அதன் முகம் இவர்கள் பக்கம்.

எதிர்க்காற்றில் பெட்ரோல் புகை வந்தது. இடது பள்ளத்தில் எட்டடிக்கு ஒரு தரம் ஒரு பல் இல்லாத இடைவெளி. ஆர்லோவுக்கு அந்த இடைவெளியைத் தெரியும். நேற்று அவன் வண்டியின் இடது பட்டையில்தான் ஒரு பல் முறிந்தது. "ஓட்டப் பல்லனும் ஒத்தக் கண்ணனும் நல்ல ஜோடிடா" என்று மெக்கானிக் சார்ஜென்ட் கேலி செய்திருந்தார். வண்டியின் வலது விளக்கும் உடைந்திருந்தது.

முன்னால், வெள்ளைக்குள், ஒரு மஞ்சள் புள்ளி.

ஒன்றே ஒன்று.

வேகத்தைக் குறைத்தான். புள்ளி அதே தூரத்தில். கூட்டினான். அதே தூரத்தில். தடத்தை விட்டு விலகலாம். விலகினால் தளம் எந்தப் பக்கம் என்று தெரியாது, இருக்கிற பெட்ரோல் நேர்வழிக்கே மட்டுமட்டு.

"சார்! முன்னாடி ஏதோ தெரியுது சார்!"

கழுத்தைப் பின்னால் சாய்த்து இன்னும் உரக்கக் கத்தினான்.

"சார், முழங்காலால ஒரு இடி இடிங்க. சும்மா ஒண்ணு."

இருக்கை அசையவில்லை. எவ்வளவு நேரமாக அசையவில்லை?

ஆர்லோ பிரேக்கை மிதித்தான். முன்னாலிருந்ததும் நின்றது. காற்று ஒரு கணம் அடங்க, பனித்திரை விலகியது. இரண்டு சறுக்குக் கட்டைகள். ஒற்றை விளக்கு. கண்ணாடிக்குப் பின்னால் ஓட்டுகிறவன். முகமெல்லாம் உறைபனி. தாடியில் பனிக்கட்டி. திறந்த கண்.

அவன் முகம்.

எஞ்சினை அணைத்தான். அங்கேயும் அணைந்தது. நிசப்தம். பின்னால் மூச்சுச் சத்தம் இல்லை. திரும்ப வேண்டும். திரும்ப முடியவில்லை.

எதிரே, அந்த ஓட்டுநரின் தோள்மேல் ஏதோ ஊர்ந்து வந்து அமர்ந்தது. கை. துணி சுற்றாத கை. ஐந்து விரலும் கருத்திருந்தன.

ஆர்லோவின் தோள் கனத்தது.

ஒரு தட்டு.

இரண்டு தட்டு.

போ.

அந்த வண்டியையும், ஆர்லோவையும், லெப்டினன்டையும் அன்று காலைக்குப் பிறகு இன்றுவரை யாரும் கண்டதில்லை.