கில்மோரன் துரையின் குதிரை

சாப்பாட்டு மண்டபத்தில் குதிரை வியர்வை நாறியது. ஹந்தானை மலையில் இப்போது குதிரை ஏது? றீற்றா ஜன்னல்களைத் திறந்தாள். தேயிலைச் சரிவிலிருந்து மாலைப் பனிதான் உள்ளே வந்தது. ஈரத் தோலும் குதிரை லத்தியும் கலந்த அந்த வாடையோ சுவர்ப் பலகைகளுக்குள்ளிருந்து மேலும் மேலும் கசிந்துகொண்டே இருந்தது.

பழைய துரை பங்களா நாளை ஹோட்டலாகத் திறக்கப்படுகிறது. விருந்தாளிகளுக்குத் துரையின் வாழ்க்கையைச் சொல்லும் வேலை, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்த றீற்றாவுக்கு. உரக்கச் சொல்லிப் பார்த்தாள்.

“கில்மோரன் பிரபு அயர்லாந்தில் குடியேறிய ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டன் பாராளுமன்றத்தில் ஏழைகளுக்காகப் பேசியவர். பிற்காலத்தில் இங்கே தோட்டம் வாங்கி, தொழிலாளிகளைத் தம் பிள்ளைகள்போல...”

மேசை துடைத்துக்கொண்டிருந்த சமையற்காரர் பழனியாண்டி சிரித்துவிட்டார்.

“புள்ளைங்களா? தோட்டத்த விட்டு ஓடிப்போனவங்களப் புடிச்சாந்து, குதிரைக்குப் பின்னால கட்டி இழுத்தவன் டீச்சர் அவன். எங்க லயத்து வீடுங்கள்ல கேட்டுப் பாருங்க.”

“தெரியும் அண்ணே. அயர்லாந்துலயும் பஞ்ச நேரம் குடியானவங்கட கூரையப் பிச்சு, குளிர்ல சாக விட்டவன். அதச் சொல்ல வேணாம்னு ஹோட்டல் முதலாளி சொல்லிட்டார்.”

மாடியில் ஒரு குளம்பு பலகையை மிதித்தது.

பிறகு இன்னொன்று. நிதானமாக, ஒவ்வொரு படியாக, பாரமான ஏதோ இறங்கி வந்தது. படிக்கட்டில் எதுவுமே இல்லை. மரம் மட்டும் வளைந்து முனகியது.

“டீச்சர்...”

பழனியாண்டியின் கால்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கயிறு இறுக்கியதுபோல் கணுக்காலைச் சுற்றித் தோல் பள்ளமாய் இறங்கியது. குப்புற விழுந்தார். வாசலை நோக்கி இழுபட்டார்.

றீற்றா பாய்ந்து அவருடைய வலக்கையைப் பற்றினாள்.

“விட்டுறாதீங்க டீச்சர்!”

விடவில்லை. வாசல் நிலையில் காலை ஊன்றினாள். அவர் தோள் மளுக்கென்றது. ரத்தம்.

“அவர் நல்லவர்!” கத்தினாள். “பிரபு நல்லவர்! ஏழைகளுக்காகப் பேசியவர்!”

இழுப்பு நின்றது.

ஒரு மூச்சு நேரம்.

பிறகு ஒரே சுண்டி இழுப்பு.

பழனியாண்டி இல்லை. கை மட்டும் அவள் பிடியில் இருந்தது. அதன் விரல்கள் இன்னும் அவளை இறுக்கிக்கொண்டிருந்தன.

வெளியே பனி விலகியது. கறுப்புக் குதிரைமேல் துரை முதுகு காட்டி அமர்ந்திருந்தான். திரும்பவில்லை. பின்னால் கயிறுகள். முனைக்கொரு உடல். கம்பளிக் கந்தலில் வெள்ளைக்காரக் குடியானவர்கள். சாக்கு போர்த்திய தோட்டத்துப் பெண்கள். எல்லார் முகமும் தேய்ந்து வழவழத்திருந்தது. கடைசியாக, ஒற்றைக் கையோடு பழனியாண்டி. வாய் அசைந்துகொண்டிருந்தது.

இன்னும் ஒரு கயிறு. அதில் ஆளில்லை. அதன் சுருக்கு வாசற்படியில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.