மூன்றாவது கையெழுத்து

மின்தூக்கிப் பாதுகாப்பு ஆணையத்தின் சொந்த லிப்ட் ஏழு மாதமாக ஓடவில்லை. ஊர் லிப்டுகளையெல்லாம் சோதிக்கிற அலுவலகத்துக்கே இந்தக் கதி. ஆகவே ஐந்தாம் மாடிக்கு வந்து சேர்ந்த மெக்கானிக்குக்குப் பேச்சு வரச் சற்று நேரமானது.

"என் லைசென்ஸை ரத்து பண்ணின ஆணையை எதிர்த்து முறையிட இன்னைக்கு அஞ்சு மணியோட கெடு முடியுதுங்க மேடம். லைசென்ஸ் போச்சுன்னா ஆஸ்பத்திரி லிப்ட் வேலை போச்சு. இருபத்திரண்டு வருஷமா அதை வச்சுத்தான் குடும்பம் ஓடுது."

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் முறையீட்டு அதிகாரி. எதற்கும் அவசரப்படாததால் அலுவலகம் அவருக்கு வைத்த பெயர் 'நிதானம்'. அது நிதானமா, வெறும் களைப்பா என்று சில நாட்களாக அவருக்கே சந்தேகம்.

"உங்க மேல என்ன புகார்?"

"ஆஸ்பத்திரி லிப்டோட கம்பிவடத் தேய்மானத்தை அளக்காமலே அறிக்கை கொடுத்தேனாம். அளந்தேங்க! என் கையால எழுதினேன். கேட்டா, மெஷின் படிச்சுச் சொல்லிடுச்சுங்கிறாங்க. மனுஷன்னா கையைக் காலைப் பிடிக்கலாம். மெஷினுக்கு எந்தக் காலைப் பிடிக்கிறது?"

அறிக்கைகளைப் படித்து ஆணையின் வரைவை எழுத, ஆணையம் செயற்கை நுண்ணறிவைக் கொண்டுவந்து இரண்டு வருடம் ஆகிறது. விதி தெளிவாகவே இருந்தது, கீழே அறிவிப்புப் பலகையிலும் ஒட்டியிருந்தது. மெஷின் வரைவு மட்டும் எழுதும். அதிகாரி மூலத்தாளைப் பார்த்துத்தான் கையெழுத்திட வேண்டும். மெஷின் எழுதிய வரைவை எவரும் படிக்கும்படி ஆணையோடு இணைக்க வேண்டும்.

பக்கத்து அறையிலிருந்து பதிவறைக்காரர் எட்டிப் பார்த்தார். ஓய்வு பெற இரண்டு வருடமே இருந்தாலும், மர்மம் என்றால் மனிதர் சாப்பாட்டை மறப்பார்.

"யாரோ கம்ப்யூட்டருக்குள்ள புகுந்துட்டாங்க மேடம்! வெளிநாட்டுக் கும்பலா இருக்கும்!"

"முதல்ல ஃபைலை எடுங்க."

ஆணையில், 'ஆறு பக்கங்கள் பரிசீலிக்கப்பட்டன' என்றிருந்தது. அடியில் மூன்று கையெழுத்துகள். ஸ்கேன் செய்த எழுத்தர், சரிபார்த்த பிரிவு அதிகாரி, மறுபார்வை என்ற கட்டத்தில் ஒரு கிறுக்கல். நிதானம் அந்தக் கிறுக்கலை வெகு நேரம் பார்த்தார். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டு மூல அறிக்கையை எடுத்தார்.

"எத்தனை தாள்ல எழுதினீங்க?"

"நாலு தாள். ரெண்டு பக்கமும்."

நிதானத்தின் கையில் மூன்று தாள்தான் புரண்டது.

"ஒண்ணைத் திருடிட்டாங்க!" என்று துள்ளினார் பதிவறைக்காரர்.

நிதானம் இரண்டாவது தாளின் ஓரத்தை விரல்களுக்கிடையே உருட்டினார். தடிமனாக இருந்தது. முகர்ந்தார். கிரீஸ் வாடை.

"இதைப் பிரிக்காதீங்க, அப்படியே இருக்கட்டும். இப்ப வேற பத்து ஃபைல் கொண்டாங்க. எதுன்னாலும் சரி."

பத்து வரைவுகளும் 'சந்தேகங்கள்' என்ற தலைப்போடு முடிந்தன. ஏழில் 'ஏதுமில்லை' என்றிருந்தது. மெக்கானிக்கின் வரைவில் மட்டும் அந்தத் தலைப்பே இல்லை.

"இல்லைன்னாக்கூட இல்லைன்னு சொல்ற ஜென்மம் அது. இதுல மட்டும் ஏன் வாயைத் திறக்கலை?" என்றபடி நிதானம் கணினிப் பிரிவுக்குப் போன் செய்தார்.

மூன்றரை மணிக்கு எல்லோரும் அந்த அறையில் கூடினார்கள்.

"நான் தாளை விட்டேன், வந்ததை அனுப்பினேன். ஒரு நாளைக்கு நானூறு தாள் மேடம்," என்றாள் ஸ்கேன் எழுத்தர்.

"மெஷின் தப்பாப் படிச்சிருக்கும்," என்றார் பிரிவு அதிகாரி, மாடியேறிய முழங்காலைப் பிடித்தபடி.

"நீங்க மூலத்தைப் பார்த்தீங்களா?"

"பார்க்காம கையெழுத்துப் போடுவேனா? எட்டுப் பக்கத்தையும் ஒவ்வொண்ணாப் புரட்டினேன். பதிவறைக்காரர் சாப்பிடப் போயிருந்தப்போ."

நிதானம் இரும்பு ஸ்கேலைத் தாளின் ஓரத்தில் நுழைத்து மெல்ல நகர்த்தினார். இரண்டாம் தாளும் மூன்றாம் தாளும் பிரிந்தன. உள்ளே நான்காம் பக்கமும் ஐந்தாம் பக்கமும் நிறைய அளவுகள். இரண்டின் ஓரத்திலும் ஒரே கட்டைவிரலின் கிரீஸ் கறை.

"என் விரல்தாங்க," என்றார் மெக்கானிக்.

"காய்ஞ்ச கிரீஸ். இந்த ரெண்டு பக்கமும் இப்பத்தான் வெளிச்சத்தைப் பார்க்குது. அதனாலதான் ஸ்கேன்ல ஆறு. எட்டையும் புரட்டினவர், ஆறுன்னு எழுதின ஆணைக்கு எப்படி சார் கையெழுத்துப் போட்டீங்க?"

நிதானம் கணினிப் பிரிவு அனுப்பிய தாளைப் படித்தார். "மெஷின் எழுதினது இது. 'நான்காம், ஐந்தாம் பக்கங்கள் வரவில்லை. அளவுகள் அவற்றில் இருக்கலாம். மூலத்தைப் பார்க்கவும்.' உங்க கணக்குல இருந்துதான் இதை அழிச்சிருக்கு."

"சந்தேகம்னு இருந்தா ஃபைல் முடியாது மேடம்," என்றார் பிரிவு அதிகாரி. "மூலத்தைப் பார்க்க முதல் மாடியிலேர்ந்து இங்க ஏறி வரணும். ஒரு நாளைக்கு அறுபது ஃபைல். மெஷின் வந்ததும் எங்க பிரிவுல நாலு பேரைக் குறைச்சுட்டாங்க. முட்டி தேய்ஞ்சு போச்சு."

"பிடிச்சிட்டோம்!" என்று பதிவறைக்காரர் கைதட்டப் போனார்.

"இருங்க. இன்னொரு கையெழுத்து இருக்கு." நிதானம் ஆணையைத் திருப்பி எல்லோருக்கும் காட்டினார். "பத்துல ஒரு ஃபைலை எடுத்து மூலத்தோட ஒப்பிடறது மறுபார்வை. இந்தக் கிறுக்கல் என்னோடது. காலையிலேயே தெரிஞ்சிடுச்சு. சொல்லத்தான் இவ்வளவு நேரம் ஆச்சு."

அவர் ஆணையை மேசைமேல் வைத்தார்.

"இவர் கையெழுத்து இருந்தது, நான் போட்டேன். இவருக்கு நாலு மாடி ஏறணும். எனக்குப் பதிவறை பக்கத்து அறை. முட்டிவலின்னு சொல்லக்கூட எனக்கு வழியில்லை."

"மூணு பேர் கையெழுத்துப் போட்டிருக்கீங்க," என்றார் மெக்கானிக். "ஒருத்தர்கூடப் பார்க்கலையா?"

"ஒருத்தரும் பார்க்கலை. மெஷின்தான் பாருங்கன்னு சொல்லுச்சு."

நான்கே முக்காலுக்கு நிதானம் ஆணை எழுதினார். முறையீடு விசாரணைக்கு ஏற்கப்பட்டது. ரத்து ஆணை நிறுத்தி வைக்கப்படுகிறது. இறுதி முடிவை வேறொரு அதிகாரி எடுக்க வேண்டும், மூலத்தைப் பார்க்காமல் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருத்தி. அழித்த வரியையும் அப்படியே சேர்த்து, ஒரு பிரதியை அறிவிப்புப் பலகைக்கு அனுப்பினார்.

மெக்கானிக் தாளை வாங்கி, அங்கேயே நின்று இரண்டு பக்கமும் பார்த்த பிறகுதான் மடித்தார். நன்றி சொல்லவில்லை. படியில் அவருடைய காலடி வெகு நேரம் கேட்டது.

பதிவறைக்காரரின் உற்சாகம் வடிந்திருந்தது. "ஆளைக் கண்டுபிடிச்சா சந்தோஷமா இருக்கும்னு நினைச்சேன் மேடம்."

"நான் மறுபார்வை போட்ட ஃபைல் மொத்தம் எத்தனை?"

அவர் போய்ப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வந்தார். "இருநூத்திப் பதினாலு."

நிதானம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"கொண்டாங்க. பக்கத்து அறைதானே."