சாளை வண்டியின் கடைசித் தகடு

வடசேரியில் ஜெபதாஸ் முதலாளியின் பட்டறைக்குள் அந்தக் கார் முன்மூடி இல்லாமல் நின்றது. திறந்து கிடந்த எஞ்சின்மேல் ஒரு பழைய சாக்கைப் போர்த்தியிருந்தார்கள். ஐப்பசி மழை தகரக் கூரையின்மீது ஓயாமல் கொட்டியது.

பேருந்துகளுக்கு உடல் கட்டும் பட்டறை அது. ஆனால் 1951ஆம் ஆண்டில் முதலாளிக்குப் பெரிய ஆசை ஒன்று பிறந்தது. பழைய சீமைக் கார்களின் எஞ்சினை எடுத்து, இலேசான அலுமினியத் தகட்டால் புதிய உடல் செய்து, பந்தயக் கார்களை உருவாக்க வேண்டும் என்பதே அது. அவற்றில் இருவர் மட்டுமே அமரலாம். கூரை கிடையாது.

"மழை வந்தா என்ன செய்வாவ?" என்று பூங்கனி ஒருமுறை கேட்டாள்.

"மழையவிட வேகமாப் போவாவ," என்றார் மெக்கானிக் யோவான்.

வெள்ளியாய் மின்னி, சாளை மீனைப் போல ஒடுங்கியிருந்ததால் பட்டறையில் எல்லோரும் அதைச் சாளை வண்டி என்றே அழைத்தனர். முதலாளி வைத்த ஆங்கிலப் பெயர் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. இரண்டு ஆண்டுகளில் இரண்டு சாளைகள் உருவாகி, தோட்ட முதலாளிகளிடம் போய்ச் சேர்ந்தன. மூன்றாவதுதான் இப்போது முன்மூடிக்காகக் காத்துக்கிடந்தது.

பூங்கனியின் தந்தை குமாரதாஸ்தான் அந்தக் கார்களுக்குத் தகடு அடித்தவர். பதினொரு வயதுப் பூங்கனி அன்று அவருக்குச் சோற்றுத் தூக்கைக் கொண்டுவந்தாள். மழைக்காகப் பள்ளியை மூடியிருந்தார்கள்.

அவள் வாசலில் குடையை மடக்கியபோது, உள்ளே 'படார்' என்று ஓர் ஓசை எழுந்தது. தந்தை முன்மூடிக்காக அடித்துக்கொண்டிருந்த தகட்டின் நடுவே நீளமாய் ஒரு கீறல் பிளந்து ஓடியிருந்தது.

"இதும் போச்சா குமாரதாசு?" என்றார் முதலாளி.

"தகடு மோசம், முதலாளி." தந்தை முதலாளியின் உதடுகளையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மத்த ரெண்டு வண்டிக்கும் இதே தகடுதானே அடிச்ச? இனி ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். கொச்சியில கேட்டாச்சு, இனி வராதாம். அதும் கீறிச்சுன்னா வண்டியப் பிரிச்சு வித்துருவேன். பிறவு ஒனக்க கையில தகடு தர எனக்குத் தைரியம் வராது."

முதலாளி போய்விட்டார். பூங்கனிக்கு ஒன்று விளங்கவில்லை.

அலுமினியத் தகட்டை மணல்மூட்டையின்மேல் வைத்து மரக் கொட்டாப்புளியால் அடிப்பார்கள். அடிக்க அடிக்க அது வளையும். வளைய வளைய இறுகும். இறுகிய பின்னும் அடித்தால் கீறிவிடும். ஆகவே இடையிடையே அதன்மேல் துணி துவைக்கும் சவுக்காரம் தேய்த்து, ஊதுவிளக்கின் தீயைக் காட்டுவார்கள். சவுக்காரம் கறுத்ததும் தீயை அகற்றினால் தகடு மீண்டும் இளகிவிடும். தீ காட்டும் நேரத்தைத் தகட்டின் ஓசையே சொல்லும். இளகிய தகடு 'தொப்' என்னும். இறுகிய தகடு 'ணங்' என்னும்.

'தெருவில் வரும்போதே எனக்கு ணங், ணங் என்று கேட்டதே! அப்பா ஏன் நிறுத்தவில்லை?'

அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. ஆலயத்தில் பாட்டு முடிந்து எல்லோரும் அமர்ந்த பிறகும் தந்தை மட்டும் பாடிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இப்போது அந்தச் சிரிப்பு நெஞ்சில் முள்ளாய்க் குத்திற்று.

தந்தையின் முதுகுக்குப் பின்னே நின்று, தூக்கின் மூடியைத் தரையில் போட்டாள். அது கணகணவென்று உருண்டது.

"ஏட்டி! எனக்க உயிரு போச்சு!" என்று யோவான் துள்ளினார்.

தந்தை திரும்பவில்லை.

யோவான் வெளியே போனதும், பூங்கனி சோறு உண்ண உட்கார்ந்த தந்தையின் முன்னே வந்து அமர்ந்தாள்.

"அப்பா, ஒங்களுக்குச் செவி கேக்கல்லியா?"

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "ஒரு வருசமாட்டு கொறைஞ்சு வருது மக்கா. ஆசுபத்திரியில காட்டினேன். போனது திரும்பாதுன்னாவ."

"அம்மைக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஆருட்டயும் சொல்லாத. செவி கேக்காதவன எவன் தகடு அடிக்க விடுவான்?"

"நான் வந்து நிக்கட்டா? ணங்குன்னு கேட்டா ஒங்க முதுகுல தட்டுதேன்."

"நீ பள்ளிக்கூடம் போவண்டாமா? எத்தன நாளைக்கு மக்கா எனக்க முதுகுல தட்டுவ?"

தந்தை சோற்றை முடிக்காமலே கை கழுவினார்.

மறுநாளும் மழை விடவில்லை. பூங்கனி தலையணையிலிருந்து சிறிது இலவம்பஞ்சை எடுத்து வந்து, பட்டறையில் தன் இரு காதுகளையும் அடைத்துக்கொண்டாள். மழை தூரத்தில் போய்விட்டது. உலகமே விலகிப் போனதுபோல் இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. 'அப்பா இதற்குள்ளேதான் தனியாக இருக்கிறாரா?'

கீறிப்போன தகட்டில் இன்னும் அடிபடாத ஒரு மூலையில் கையை விரித்து வைத்தாள். "அடியுங்க அப்பா."

தந்தை அடித்தார். முதலில் உள்ளங்கையில் யாரோ மெத்தென்று குத்துவதுபோல் இருந்தது. சற்றுப் பொறுத்து அது மாறியது. எறும்புக் கூட்டம் ஒன்று கைக்குள் விறுவிறுவென்று ஓடியது! பஞ்சை எடுத்துப் பார்த்தாள். 'ணங், ணங்' என்று கேட்டது.

"அப்பா! ஒங்களுக்கு எறும்பு ஓடுதா?"

"எறும்பா? எங்க?" அவர் தரையைப் பார்த்தார்.

"கையில, அப்பா! உள்ளங்கையில!"

இல்லை, அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியவும் வழியில்லை. தகடு பிடிக்கும் இடக்கையில் அவர் தடித்த கித்தான் துணியாலான கையுறை அணிந்திருந்தார். பூங்கனியின் தாய் நேசபாய் அதை இரட்டை மடிப்பாகத் தைத்துக் கொடுத்திருந்தாள். மகள் சொன்னதற்காக அவர் அதைக் கழற்றினார். ஓர் அடி அடிப்பதற்குள் தகட்டின் ஓரம் விரலைக் கிழித்தது; இரத்தம் கசிந்தது.

"இதுக்குத்தான் மக்கா உறை," என்று சொல்லி மீண்டும் மாட்டிக்கொண்டார்.

பூங்கனி அந்தக் கையையே உற்றுப் பார்த்தாள். ஓரத்தைப் பிடிப்பவை விரல்கள். உள்ளங்கையோ தகட்டின்மேல் தட்டையாகப் படிந்திருக்கிறது. அதற்கு எதற்கு உறை?

அன்று மாலை வீட்டில், கத்தரிக்கோலால் உறையின் நடுவே வட்டமாக வெட்டினாள்.

"ஏட்டி! கித்தான் கிடைக்காம நான் எத்தன கடை ஏறி இறங்கினேன்! அதுல ஓட்டையா போட்ட?" நேசபாய் கரண்டியோடு வந்தாள்.

யாரிடமும் சொல்லக்கூடாதென்று தந்தை கேட்டிருந்ததால் பூங்கனி காரணம் சொல்லவில்லை. தந்தைதான் எல்லாவற்றையும் சொன்னார்.

நேசபாய் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு ஊசியை எடுத்து, நூல் பிரியாதபடி அந்த ஓட்டையின் விளிம்பைச் சுற்றித் தைத்தாள்.

காலையில் கடைசித் தகட்டை எடுக்கும்முன் தந்தை முதலாளியிடம் போனார். "எனக்குச் செவி கேக்கல்ல, முதலாளி. தகடு மோசமில்ல."

முதலாளியின் முகம் கறுத்தது. "மொதல்லயே சொல்லியிருந்தா நல்ல தகடு ரெண்டு பாழாயிருக்காது."

"சரிதான், முதலாளி. இனி இந்த உள்ளங்கை கேக்கும்."

முதலாளி மழையைப் பார்த்தார். உறையின் ஓட்டையைப் பார்த்தார். "அடி. நான் பாக்கேன்," என்றார்.

தந்தை அடித்தார். தொப், தொப். தொப், தொப், ணங்! கொட்டாப்புளி நின்றது. யாரும் அவர் முதுகில் தட்டவில்லை. அவரே சவுக்காரத்துக்குக் கை நீட்டினார்.

பூங்கனி கசக்கிப் பிடித்திருந்த தன் பாவாடையை மெல்ல விட்டாள்.

கீறலில்லாமல் வளைந்த முன்மூடியை மறுவாரம் காரில் பொருத்தினர். இனித் தகடு வராததால் நான்காவது சாளை இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். ஆனால், "பஸ்ஸுக்குத் தகடு அடிக்க நாளைக்கு வந்திரு," என்று தந்தையிடம் சொன்னார். அவருக்குப் புரியும்படி முகத்தைப் பார்த்தே சொன்னார்.

யோவான் எஞ்சினை உயிர்ப்பித்தார். பட்டறை அதிர்ந்தது. தந்தை முன்மூடியின்மேல் உள்ளங்கையை வைத்தார். அவர் புருவம் சுருங்கியது.

"ஒரு சிலிண்டர் தவறுது, யோவான்."

"நல்ல செவி உள்ள எனக்கே கேக்கல்ல, ஒமக்கா?" யோவான் முணுமுணுத்துக்கொண்டே மூடியைத் தூக்கி உள்ளே தடவினார். ஒரு பிளக்கின் கம்பி தளர்ந்திருந்தது. அதை அழுத்திவிட்டு மூடியைச் சாத்தி, "கொள்ளாமே!" என்று வியந்தார்.

பூங்கனி காதுகளில் பஞ்சை வைத்துக்கொண்டு, தந்தையின் கைக்கு அருகே தன் கையையும் வைத்தாள். எறும்புகள் ஓடின. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தனர்.

வாசலில் நேசபாய் குடையும் சோற்றுத் தூக்குமாக நின்று, சோறு ஆறுகிறது என்று தொண்டை வறளக் கூப்பிட்டாள். தந்தையும் திரும்பவில்லை, மகளும் திரும்பவில்லை.