சீல் உடையாத பெட்டி

செல்போன் அடித்தது.

சீல் வைத்த கன்டெய்னருக்குள்ளே!

துறைமுகத்துச் சுமைகூலி மேஸ்திரி ஓடிப்போய்க் காதை வைத்தான். காலையிலிருந்து மச்சானைக் காணவில்லை. நம்பரைப் போட்டால்... மணி எதிரே நிற்கும் இரும்புப் பெட்டிக்குள் கேட்கிறது!

"மச்சான்! மச்சான்!" கதவை அறைந்தான்.

உள்ளே மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

பக்கத்தில் பூச்சிமருந்துக்காரன் குழாயோடு தயாராக நின்றான். உள்ளே வெளிநாட்டு மரநாற்காலிகள். புகை போட்ட பிறகுதான் வெளியே விடலாம் என்பது சட்டம்.

"புகை போட்டா ஆளு தாங்குமா?"

"எலியே தாங்காதுண்ணே!"

மேஸ்திரி கஸ்டம்ஸ் அதிகாரியிடம் ஓடினான்.

"சார், சீலை உடைங்க! என் அக்கா புருஷன் உள்ள இருக்காரு!"

அதிகாரி சீலைத் தடவிப் பார்த்தார்.

"கப்பல் ஏத்தின நாட்டுல வச்ச சீல். அப்படியே இருக்கு. உன் மச்சான் என்ன காத்தா, புகுந்து போக?"

"போன் அடிக்குதே சார்!"

"போன் அடிச்சா உடைக்கலாம்னு சட்டத்துல இல்லய்யா. மேலிடத்து உத்தரவு வேணும்."

"அப்ப வாங்குங்க!"

"மேலிடம் மீட்டிங்ல இருக்கு."

சரக்கு ஏஜென்ட் குறுக்கே பாய்ந்தான். "சீல் உடைஞ்சா சரக்கு திரும்பிப் போயிடும் சார்! யாரு பொறுப்பு? முதல்ல புகையைப் போடுங்க!"

குழாய் பெட்டியின் காற்றுத் துளையில் ஏறியது.

மேஸ்திரிக்கு மண்டை கொதித்தது.

"சீலைத் தொடக் கூடாது... அவ்வளவுதானே!"

கடப்பாரையை எடுத்தான். கதவின் மறுபக்கம், கீலில் ஓங்கி ஒரு போடு!

கதவே சாய்ந்தது!

"ஏய்... கீலை ஏற்கெனவே அறுத்து ஒட்டியிருக்கு!" அதிகாரி அலறினார்.

ஏஜென்ட் ஓடினான். பூச்சிமருந்துக்காரன் காலை நீட்டினான். ஏஜென்ட் குப்புற விழுந்தான்!

உள்ளே நாற்காலிகளுக்கு நடுவே மச்சான். மயக்கம். முகத்தில் தண்ணீர் அடித்ததும் கண் திறந்தார்.

"பேப்பர்ல வரி இல்லாத நாட்டுப் பேரு... நாற்காலியில வரி போட்ட நாட்டுப் பேரு. ஸ்டிக்கரை மாத்தச் சொல்லி ஏஜென்ட்தான் உள்ள விட்டான். ரோந்து வந்ததும் கதவை மாட்டிட்டு ஓடிட்டான்..."

"அதான் புகைக்கு அவ்வளவு அவசரமா!" அதிகாரி விலங்கை எடுக்கச் சொன்னார். "ஏஜென்ட், மச்சான் ரெண்டு பேருக்கும்!"

காப்பாற்றியது ஜெயிலுக்கு அனுப்பத்தானா? மேஸ்திரி தலையில் கை வைத்தான்.

மச்சானின் நெற்றியில் வெளிநாட்டுப் பேர் போட்ட ஒரு ஸ்டிக்கர் பளபளத்தது.

"வெளிநாட்டு மாப்பிள்ளைதான் வேணும்னு அக்கா அன்னிக்கே அடம் பிடிச்சா. இப்ப ஸ்டிக்கரோட வந்திருக்கீங்க மச்சான்... வாழ்த்துகள்!"